கை காட்டும் ஹில்டா டீச்சர்

தாம்பரம் கேம்ப் ரோடு சந்திப்புக்கு இருபது அடி முன்பே ஹில்டா டீச்சரின் வலது கை சைக்கிளிலிருந்து நீண்டுவிடும். தோளுக்கு நேராக, உள்ளங்கை முன்பக்கம் பார்க்க, விரல்கள் சேர்ந்து. சாலை விதிப் புத்தகத்துப் படம்கூட இவ்வளவு விறைப்பாக இருக்காது.

அந்தக் கைக்கு உடனே பலன் உண்டு. ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்து நிற்கும். "மேடவாக்கமாக்கா? ஒரு சீட்டு கீது. சைக்கிள மேல கட்டிக்கலாம்." பைக்கில் போகும் பழைய மாணவர்கள் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, அவரை உரசிக்கொண்டே போவார்கள். வகுப்பில் கை தூக்கியவர்களுக்கெல்லாம் இருபத்தெட்டு வருடமாகப் பதில் சொல்கிறவர். சாலையில் அவர் கை தூக்கினால் பதில் சொல்ல ஆளில்லை.

ஆனாலும் விடமாட்டார். நடுத்தெருவில் படுத்திருக்கும் மாட்டைச் சுற்றிப் போகும்போது மாட்டுக்கும் காட்டுவார். இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய காரைச் சிக்னலில் பிடித்துக் கண்ணாடியைத் தட்டி, "நீங்க எந்தப் பக்கம் போவீங்கன்னு நான் ஜோசியமா பாக்கணும்?" என்பார். உள்ளே இருப்பவருக்கு ஏசி முக்கியம், கண்ணாடி இறங்காது.

இந்த வருடம் இரண்டு முறை விழுந்தாயிற்று. மகள் ஜெரூஷா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை விழுந்தா சைக்கிள் சாவி என்கிட்ட வந்துடணும்மா. அப்புறம் ஆட்டோதான்." டீச்சர் ஒப்புக்கொண்டார். வீட்டில் குக்கர் விசிலுக்கும் பள்ளியில் மணிக்கும் ஓடுகிறவருக்கு, பெடல் மிதிக்கும் அந்த இருபது நிமிடம்தான் சொந்த நேரம்.

போன வியாழக்கிழமை மாலை ஓர் அதிசயம் நடந்தது. டீச்சர் கை காட்டினார். பின்னால் வந்த தண்ணீர் லாரி நின்றது. நிஜமாகவே நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "போக்கா. உனக்காகத்தான் நிக்கிறேன்" என்றார்.

டீச்சருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்து, இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தவரும் அந்த டிரைவர்தான். "நான் நிக்காம பூட்டிருந்தா நீ நல்லா போயிருப்பக்கா" என்று வருத்தப்பட்டார்.

வீட்டு வாசலில் ஜெரூஷா நின்றிருந்தாள். அம்மாவின் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தாள். உள்ளங்கையை நீட்டினாள். தாம்பரத்தில் யாருக்கும் புரியக்கூடிய சைகை. டீச்சர் பையிலிருந்து சாவியை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, அந்தக் கையில் வைத்தார். தன் விரல்களை மட்டும் சாவியிலிருந்து எடுக்கவில்லை.