மீன்காரம்மாவும் நானும் பரிசோதனைக்குப் போனோம்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்களுக்கு மீன் கொண்டுவருபவள் பட்டினப்பாக்கத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். கூடையை இறக்கி, நான் தரும் காபியைக் குடித்து, சுருக்குப் பையிலிருந்து புகையிலையைக் கிள்ளிக் கன்னத்தில் அதக்கிக்கொண்ட பிறகுதான் அருவாமனையைத் தொடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியை வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா டீச்சரம்மா, காபில மொளகா போட்டியா? வாயெல்லாம் எரியுது."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். புகையிலை அதக்கும் பக்கத்தில், கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு.

"அதுவா? அது ரொம்ப நாளா கீது. வலியே இல்ல."

சில வாரங்களுக்கு முன்புதான் எங்கள் பள்ளிக்கு வந்த பல் மருத்துவர், வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் வலிக்கவில்லை என்று சும்மா இருக்கக் கூடாது, உடனே காட்டிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். புகையிலை போடுபவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார். அதைச் சொன்னேன். அவள் அசையவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத சீக்கெல்லாம் சொல்லுவாங்கோ."

"நான் லீவு போட்டுட்டு கூட வரேன்."

"எனுக்காவ லீவு போடுறியா?" என்று என்னையே பார்த்தாள். "அப்ப வர்றேன்."

அடையாறில் இருந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு அவள் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். பெண் டாக்டர்தான். பார்த்துவிட்டு, பரிசோதனைக்காக அந்தத் திட்டிலிருந்து துளியூண்டு சதை எடுத்தார்.

"புகையிலையை எப்ப விடப் போறீங்க?"

"வுட்டுட்டா எப்டிம்மா மீன் விக்கிறது? வாய் சும்மா இருந்தா பேரம் பேசத் தோணாதே!"

டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க மார்பு, கர்ப்பப்பை வாய் பரிசோதனையெல்லாம் பண்ணியிருக்கீங்களா?"

"எனக்குத் தொந்தரவு எதுவும் இல்லையே, டாக்டர்."

"தொந்தரவு இல்லாதப்பவே பாக்கிறதுக்குத்தான் இந்தப் பரிசோதனை."

நான் கைப்பையைத் தோளில் மாட்டினேன். மீன்காரம்மா விடவில்லை.

"லீவுதானே போட்டுக்கீற? என்னை இஸ்துக்கினு வந்துட்டு நீ மட்டும் நைசா நழுவுறியா? போ உள்ள!"

அவள் குரலுக்கு வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அந்த வெட்கத்தில்தான் உள்ளே போனேன். கூச்சமாக இருந்தது, ஆனால் சட்டென்று முடிந்துவிட்டது.

முடிவு வாங்க மறுபடி சேர்ந்தே போனோம். அவளுக்குப் புற்றுநோய் இல்லை. புகையிலையைத் தொடர்ந்தால் அந்தத் திட்டு அப்படி மாறக்கூடும் என்றார்கள். எனக்கோ, கர்ப்பப்பை வாயில் சில செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்றுநோய் அல்ல, கவனிக்காமல் விட்டால் பல வருடங்களில் ஆகலாம், இப்போதே அந்த இடத்தைக் கடுங்குளிரில் உறைய வைத்து நீக்கிவிடலாம் என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். எனக்குக் கண்ணீர் முட்டியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் வர்லன்னு டாக்டரே சொல்லுது. இன்னாத்துக்கு அழுவுற?"

சிகிச்சை முடிந்து அன்று மாலையே பஸ்ஸில் திரும்பினோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

"கடைசில உன்னையும் ஐஸ்ல வெச்சிட்டாங்களே, என் வஞ்சிரத்தாட்டம்!"

பஸ் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன்.

புகையிலையை விட்ட புதிதில் அவள் சிடுசிடுத்துக்கொண்டே இருந்தாள். என் சமையலறை ஏலக்காயையெல்லாம் மென்று தீர்த்தாள். ஆனால் விட்டேவிட்டாள். திட்டு மெல்லச் சுருங்கி மறைந்தது. எனக்கும் அடுத்தடுத்த பரிசோதனைகளில் எல்லாம் சரியாகவே இருந்தன.

மறு வருடம் நான் பரிசோதனைக்குப் போன அன்று தன் இரண்டு நாத்தனார்களையும் தெருப் பெண்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலிலேயே தயங்கி நின்ற சின்ன நாத்தனாரை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

"டீச்சரம்மாவே உள்ள போச்சு, உனுக்கு இன்னா?"