மாதுவின் கூட்டணி பிரேக்

எங்க வூட்டுக்காரரு பேரு மாது. மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி நாத்து வேணும்னா ஆளுங்க அவரத்தான் தேடி வருவாங்க. நெழல்வலை கட்டி, தட்டு தட்டா நாத்து வளக்கறாரு. நாத்துல ஒரு கொறை சொல்ல முடியாது. மனுசன்கிட்ட கொறை சொல்லச் சொன்னீங்கன்னா, அப்படி ஒக்காருங்க, காப்பி வெக்கிறேன், பொழுது சாயற வரைக்கும் சொல்றேன்.

எங்க வூட்டுல எந்தப் பொருளும் பொறந்தப்ப இருந்த ஒடம்போட இருக்காது. ஃபேனுக்கு றெக்கை ஒரு கம்பெனி, மோட்டார் இன்னொரு கம்பெனி. மிக்ஸி ஜாருக்கு டிபன் டப்பா மூடி. குக்கரு எங்கம்மா வூட்டு சீருங்க, அதோட வெயிட்டத் தொலைச்சுட்டு எவன் குக்கரோடதயோ கொண்டாந்து மாட்டிட்டாரு. அதுல விசில் வராது, மாமியாரு மாதிரி பெருமூச்சு வுடும். எத்தன பெருமூச்சுக்கு பருப்பு வேகும்னு நானே கண்டுபுடிச்சு வெச்சிருக்கேன். "ஏங்க, கடையில போயி அதுக்குன்னு உள்ளத வாங்குனா என்னங்க?"ன்னு கேட்டா, "வேல செய்யுதா இல்லியா?"ம்பாரு. அதுக்கு மேல அந்த மனுசன்கிட்ட என்னத்த பேசறது?

இப்படிப்பட்ட ஆளு கையில ஒரு காரு மாட்டுச்சு. தர்மபுரில ஒரு டாக்டரு வெச்சிருந்த பழைய வெள்ள அம்பாசிடரு. அத ஓட்டிக்கிட்டு ஊருக்குள்ள வந்த அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு மூஞ்சியப் பாக்கணுமே! எங்க கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படி பூரிச்சு நிக்கல. போட்டோ இருக்குது, வேணும்னா காட்டறேன்.

பிரேக்குன்னு ஒண்ணு அதுல இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல. மிதிச்சா யோசிக்கும். மறுபடி மிதிச்சா சரிம்பா பாக்கலாம்னு சொல்லும். நாலஞ்சு தடவ மிதிச்சாத்தான் நிக்கலாமா வேணாமான்னு ஒரு முடிவுக்கு வரும். கம்பெனிக்காரன குத்தம் சொல்லக்கூடாதுங்க. வண்டிக்கும் வயசாச்சு, இவரு பாத்துக்கிட்ட லட்சணமும் அப்படி. முருகன் கோயில் திருப்பத்துலயே ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துருவாரு, அப்பத்தான் எங்க வாசலுக்கு வந்து சேரும். ஆரன் அடிச்சுக்கிட்டே "கல்லு! கல்லு!"ன்னு கத்துவாரு. நான் அடுப்புல இருக்கறத அப்படியே வுட்டுட்டு ஓடியாந்து சக்கரத்துக்கு முன்னால கல்லத் தூக்கிப் போடணும். மத்த பொம்பளைங்க புருசன் வந்தா சொம்புல தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க. என் தலையெழுத்தப் பாருங்க.

மொத மொத நான் அதுல ஏறுனது காரிமங்கலம் சந்தைக்கு. பட்டுச்சீல கட்டி, பூ வெச்சு, முன்னாடி சீட்டுல ஜம்முனு ஒக்காந்துக்கிட்டுப் போனேன். சந்தை வந்துச்சு. ஆனா வண்டி நிக்கல. இவரு தபதபன்னு மிதிக்கறாரு, அது பாட்டுக்கு பொறுமையா, மருவாதியா, கோழி விக்கற எடத்துக்குள்ள போவுது. சனங்க ஒதுங்கிட்டாங்க. கோழிங்க ஒதுங்குமா? ஒரு சேவல் ஜன்னல் வழியா உள்ள பூந்து எம்மடியில ஒக்காந்துக்கிச்சு. வண்டி ஒரு சாக்கு மூட்ட மேல சாஞ்சு நின்னதும், இவரு என்னையும் சேவலையும் ஒரு பார்வ பாத்துட்டு, "பாத்தியா புள்ள, வண்டிய வுட்டு எறங்காமயே சந்தை முடிஞ்சுது"ன்னாரு.

அன்னிக்கு சொன்னேன். "இந்த வண்டிக்கு ஒழுங்கா பிரேக் போடற வரைக்கும் இந்த பாஞ்சாலி இதுல ஏறமாட்டா."

அதுக்கப்புறம் ஒரு கல்யாணம் காச்சின்னா அவரு கார்ல போவாரு, நான் பஸ்ல போவேன். மண்டபத்துல சொந்தக்காரங்க எல்லாம் என்கிட்ட வந்து ரகசியமா, "என்ன பாஞ்சாலி, சண்டையா? வேற ஏதாவதா?"ன்னு துக்கம் விசாரிப்பாங்க. எனக்கு சிரிப்பு வரும். அவருக்கு மட்டும் சிரிப்பு வராது. ஒரு மூலையில போயி பந்தியில ஒக்காந்து சாப்புட்டுட்டு, தனியா ஓட்டிக்கிட்டு வந்துருவாரு.

போன தை மாசம் என் தங்கச்சி மவ கலைமதிக்கு மேச்சேரியில கல்யாணம் வெச்சாங்க. இவரு பத்திரிகைய கையில வெச்சுக்கிட்டு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் சொல்றாரு, "ஒரே ஒரு தடவ, நீ முன்னாடி சீட்டுல ஒக்காந்து வந்து, நாம ரெண்டு பேரும் ஜோடியா மண்டபத்து வாசல்ல எறங்கணும் புள்ள. வேற எனக்கு ஒண்ணும் வேணாம்."

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா மேச்சேரிக்குப் போவணும்னா தொப்பூர் கணவாய் எறங்கணும். லாரிக்காரனே சாமி கும்புட்டுட்டு எறங்கற எடம். அங்க போயி "கல்லு கல்லு"ன்னு கத்துனா யாரு ஓடியாந்து போடுவா? "பிரேக்க மாத்துங்க, வரேன்"னு சொல்லிட்டேன்.

அவ்வளவுதான், மனுசன் கெளம்பிட்டாரு. பாலக்கோடு ரோட்டுல அருண்குமார்னு ஒரு மெக்கானிக்கு. அந்தத் தம்பிதான் வழி சொல்லிக் குடுத்துச்சாம். பழைய வண்டிக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்கு, அது மெதுவாத்தான் புடிக்கும். முன் சக்கரம் ரெண்டுக்கும் புது மாடல் வண்டிங்க மாதிரி டிஸ்க்கு போட்டா கப்புனு புடிக்கும்னு. ஆனா அந்தக் காருக்குன்னு டிஸ்க்கு கடையில கெடைக்காது, வேற வண்டிங்களோடத தேடிப்புடிச்சு சேத்து வெக்கணும்னு சொல்லிருச்சு.

வேற வண்டியோடத சேத்து வெக்கணும்! இந்த மனுசனுக்கு இதவிட இனிப்பான சேதி உண்டா? ஓசூரு, கிருஷ்ணகிரி, சேலம்னு ஒரு காயலாங்கடைய வுடல. சாயங்காலம் ஆனா ஒரு சாக்குப்பையோட வருவாரு. சாமான எடுத்து நடுவூட்டுல பேப்பர விரிச்சு வெச்சு, பொண்ணு பாக்கறாப்புல சுத்திச் சுத்திப் பாப்பாரு. நாத்துக்கு தண்ணி வுடறதெல்லாம் எந்தலையில வுழுந்துச்சு.

ஒரு நாளு எல்லாம் சேந்துருச்சுன்னு வந்து நின்னாரு. "டிஸ்க்கு டாக்ஸியோடது. காலுக்கு பலம் குடுக்கற பூஸ்டர்னு ஒண்ணு, அது ஜீப்போடது. எண்ணெய் ஊத்தற டப்பா ஒரு சின்னக் காரோடது. இதுக்குப் பேரு கூட்டணி பிரேக்கு!"

"கூட்டணின்னா கவுந்துருமேங்க."

"இது நெலையான ஆட்சி புள்ள, நீ வேற."

கல்யாணத்துக்கு மொத நாள் காலையில வண்டி பட்டறையில இருந்து வந்துச்சு. எங்க ஊரு எல்லையில இருக்கற முனியப்பன் கோயில்ல பூச போட்டுட்டு அங்கிருந்தே கெளம்பலாம்னு சொன்னாரு. சீர்வரிசத் தட்டு, பித்தளக் குடம், எம்பொட்டி எல்லாத்தையும் டிக்கியில ஏத்தியாச்சு. நான் மட்டும் நடந்து போனேன். பூச இன்னும் ஆவலையே.

வேடிக்க பாக்க பாதி ஊரு வந்துருச்சு. பூசாரி தர்மன் தேங்கா ஒடைச்சு, பொட்டு வெச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு எல்லாம் முடிச்சாரு. "ஏறு பாஞ்சாலி"ன்னாரு எங்க வூட்டுக்காரரு. முன்னாடி கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. எனக்கு அந்த சேவல் ஞாபகம் வந்துருச்சு. கால் எடுத்து வெக்க முடியல. எல்லாரும் பாக்கறாங்க, வெக்கமா இருக்குது, அதனால கோவம் வந்துருச்சு. எனக்கு அப்படித்தான்.

"கெடா வெட்டறதுக்கே முனியப்பன்கிட்ட உத்தரவு கேக்கறீங்க! மனுசி நான் ஏறப் போறேன், எனக்குக் கேக்க வேணாமா? கேளுங்க! காருக்கு மஞ்சத்தண்ணி தெளிங்க! சிலுப்புனா ஏறறேன்!"

எங்க பக்கத்து வழக்கம் தெரியாதவங்களுக்கு சொல்றேன். கெடா மேல மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க. அது ஒடம்ப ஒதறி சிலுப்புனா சாமி ஒத்துக்கிட்டதுன்னு அர்த்தம். சிலுப்பலேன்னா, எத்தன நேரம் ஆனாலும் கத்திய எடுக்க மாட்டாங்க. நான் சொன்னது எடக்குக்கு. காரு எங்கியாச்சும் சிலுப்புமா? ஆனா பூசாரி தர்மன் தாடியத் தடவிக்கிட்டு, "பாஞ்சாலி சொல்றதுல ஞாயம் இருக்குது"ன்னுட்டாரு. அட கெரகமே!

ஒரு சொம்பு தண்ணிய பேனட்டு மேல தெளிச்சாங்க. ஊரே மூச்சப் புடிச்சுக்கிட்டுப் பாத்துச்சு. காரு எரும மாதிரி நின்னுச்சு. இன்னொரு சொம்பு தெளிச்சாங்க. ஒண்ணும் காணோம்.

கூட்டத்துல ஒருத்தரு, "என்ஜின அணைச்சு வெச்சா அது செத்த கெடா மாதிரிங்க. செத்த கெடாகிட்ட உத்தரவு கேக்கலாமா?"ன்னாரு. அதுவும் சரின்னு என்ஜினப் போட்டாங்க. போட்டதும் காரு கடகடன்னு ஆடுது. "சிலுப்புது! சிலுப்புது!"ன்னு ஒரு கூட்டம். "அட, அது என்னிக்கும் ஆடற ஆட்டம், அது கணக்குல வராது"ன்னு இன்னொரு கூட்டம். அடிதடி ஆவாததுதான் பாக்கி. கடைசியில பூசாரி தீர்ப்பு சொன்னாரு: வண்டி கோயில ஒரு சுத்து சுத்தி வரட்டும், சாமி முன்னால வந்து நிக்கறப்ப தண்ணி தெளிக்கறேன், அப்ப சிலுப்புனா சாமி உத்தரவு.

எங்க வூட்டுக்காரரு தயங்குனாரு. நான் அத கவனிச்சேன், ஆனா அர்த்தம் புரியல. மெதுவா சுத்தி வந்தாரு. சாமிக்கு நேரா வந்ததும் பூசாரி சொம்ப வீசுனாரு, இவரு பிரேக்க மிதிச்சாரு.

என்னன்னு சொல்லுவேன்! காரு தல முதல் வாலு வரைக்கும் கிடுகிடுன்னு ஒதறுச்சு. டிக்கியில இருந்த குடம் கணகணன்னு அடிச்சுது. அதோட வுட்டுச்சா? நின்ன வாக்குல மூஞ்சிய அப்படியே வலது பக்கம் திருப்பி, அருவாளோட நிக்கற முனியப்பன நேருக்கு நேரா பாத்துக்கிட்டு நின்னுச்சு.

பொம்பளைங்க குலவ போட்டாங்க. ஒரு கெழவி விழுந்து கும்புட்டுருச்சு, சாமியவா காரயான்னு எனக்குத் தெரியல. பூசாரிக்கு மேலு சிலிர்த்துப் போயி, "உத்தரவு ஆயிருச்சு! ஏறும்மா!"ன்னு எந்நெத்தி நெறைய துன்னூறு பூசிட்டாரு. வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். சாமி முன்னால சொன்ன சொல்லு. சீலயத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஏறி முன்னாடி சீட்டுல ஒக்காந்தேன். சனங்க கை தட்டுனாங்க.

இத்தன வருசமா எதுக்கு ஏங்குனாரோ அது நடந்துருச்சு. சிரிச்சுக்கிட்டு இருப்பாருன்னு திரும்பிப் பாத்தேன். மனுசன் வேர்த்துக் கொட்டிப் போயி, ஸ்டேரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்காரு. அப்புறம் சாவியத் திருப்பி என்ஜின அணைச்சாரு.

"எறங்கு பாஞ்சாலி. பஸ்ல போலாம்."

"என்னங்க?"

"எறங்கு."

பூசாரி ஓடியாந்தாரு. "ஏம்பா மாது, சாமியே உத்தரவு குடுத்துருச்சு, இன்னும் என்ன?"

எங்க வூட்டுக்காரரு கீழ எறங்கி, அத்தன பேரு முன்னாலயும் நின்னு சொன்னாரு. "அது உத்தரவு இல்லீங்க. இடது பக்க டிஸ்க்குதான் டாக்ஸியோடது. வலது பக்கத்துக்கு ஜோடி கெடைக்கல, பால் வேனோடத மாட்டச் சொல்லிட்டேன். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. மிதிச்சா ஒரு பக்கமா இழுக்குது, ஒதறுது. ரெண்டு பக்கமும் ஒரே வண்டியோடதா இருக்கணும், அது வரைக்கும் எறக்கத்துல போவாதீங்கன்னு அருண்குமாரு படிச்சுப் படிச்சு சொல்லுச்சு. நான்தான் இவகிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

குலவ போட்டவங்க வாய மூடிக்கிட்டாங்க. பின்னால இருந்து ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிச்சான், அப்புறம் எல்லாருமே சிரிச்சாங்க. பூசாரிக்கு மட்டும் ரோசம். "சாமி முன்னால சொன்ன சொல்ல மாத்தறியா? முனியப்பன் கோவிச்சுக்குவாரு!"

"கோவிச்சுக்கட்டுங்க பூசாரி. சாமிக்கு என்ன, இங்கியேதான் நிக்கப் போவுது. தொப்பூர் எறக்கத்துல போறவ எம்பொண்டாட்டி."

சொல்லிட்டு, சுத்தி வந்து என் பக்கத்துக் கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. பொய் சொன்னதுக்கு நான் பத்ரகாளி ஆடுவேன்னு நெனச்சிருப்பாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கோவம் வரலீங்க. தான் பண்ணுனது தப்புன்னு ஒரு நாளும் ஒத்துக்காத மனுசன், ஊரு சிரிக்க ஒத்துக்கிட்டு நிக்கறாரு. ஏறமாட்டேன்னு இத்தன வருசம் அடம் புடிச்ச எனக்கு, அந்த சீட்ட வுட்டு எறங்கவே மனசு வரல.

"எறங்கு புள்ள, பஸ்ஸு போயிரும்."

"போவட்டும், அடுத்தது வரும். நின்ன வண்டிதான? நீங்களும் ஏறுங்க, கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போலாம்."

என் பக்கத்துக் கதவ மெதுவா சாத்துனாரு. அப்புறம் சுத்தி வந்து ஏறி, எம்பக்கத்துல ஒக்காந்தாரு. ஊரே பாத்துச்சு, பாக்கட்டும்னு ரெண்டு பேரும் ஒக்காந்திருந்தோம்.