ஸ்டெல்லாவின் ஹெம்மிங்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். எனக்குச் சந்தேகப் புத்தி. துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் மார்க் போட்டதே இல்லை.

அறுபதுகளில் ஒரு வருஷம், ஆறாம் வகுப்பு ஸ்டெல்லா வீட்டில் முடித்துக்கொண்டு வந்த கைக்குட்டையைத் திருப்பினேன். ஓரத்தை மடித்துத் தைத்த ஹெம்மிங் முன்னும் பின்னும் ஒரே சீர். வகுப்பிலோ ஊசியில் நூல் கோக்கவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். விரல் நடுங்கும், தையல் கோணும். அடிப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

“யாருடி தைச்சது?”

“நான்தான் டீச்சர். இங்க அவசரத்துல கோணிக்குது. வூட்ல நல்லா வருது.”

கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. அந்தத் துணிச்சல்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தேன். அம்மாவைக் கூட்டிவராவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது என்றேன்.

மறுநாள் அம்மா வந்தாள். மகளை வெளியே நிறுத்திவிட்டு மெதுவாகப் பேசினாள்.

“அவ பொய் சொல்லல டீச்சர். பொறந்த மூணாம் நாளே ஃபிட்ஸ் வந்து ஒடம்பு நீலம் பாஞ்சிடுச்சு. பொழைக்காதுன்னாங்க. பொழைச்சிட்டா, கைதான் சரியா வரல. அவ கொழாய்க்குத் தண்ணி புடிக்கப் போறப்போ நான் பிரிச்சித் தைச்சி வெச்சிடுவேன். அவளுக்குத் தெரியாது. இன்னா பண்றது? தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவா.”

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. தாயும் மகளும் சேர்ந்து கட்டின கதையாக இருந்தால்? இனிமேல் துணி வீட்டுக்குப் போகாது, என் அலமாரியில்தான் இருக்கும் என்றேன். அம்மா அழுதுகொண்டே போனாள்.

தினமும் சாப்பாட்டு பெல்லுக்குப் பிறகு ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகத் தைத்தாள். அவசரமே இல்லை. ஒரு வாரம் கழித்து முழுத் தையல் வரிசையையும் விரித்துப் பார்த்தாள். கோணல்தான்.

“அப்போ வூட்ல தைச்சது?”

நான் துணியை மடித்து அலமாரியில் வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு நாள் ஊசியைத் தொடவில்லை. அம்மா சொன்னது நிஜம், நான்தான் அந்தப் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் அவளே அலமாரிச் சாவியைக் கேட்டாள்.

மாதக் கடைசியில் பழைய வரிசையையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“டீச்சர், அதுல பதினாலு கோணல். இதுல ஒம்போது. இது நான் தைச்சதுதானே?”

பழக்கதோஷம், திருப்பிப் பார்த்தேன். “நீதான்டி” என்றேன்.

பரீட்சையில் பாஸ் மார்க் மட்டுமே போட்டேன். துணிக்கு அவ்வளவுதான் தகும். அதைப் பார்த்து அம்மா அழுதாள், ஸ்டெல்லா சிரித்தாள்.

புதிதாக வரும் டீச்சர்களே, துணியைத் திருப்பிப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் விசாரிக்காமல் பிள்ளையை பெஞ்சில் ஏற்றாதீர்கள். ஏற்றினதற்கு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் என்கிற கொழுப்பு. நீங்கள் கேட்டுவிடுங்கள்.