ரசத்துச் செடிக்குக் கல்யாணம்

ரசத்தை இறக்கியதும் ஒரு கைப்பிடி இலையைக் கசக்கிப் போட்டு மூடினால், எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளிய வாசம் கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸின் எங்கள் சின்ன வீடெங்கும் பரவும். கோயம்புத்தூரிலிருந்து அம்மா கொண்டுவந்த விதையில், பின்வாசல் எண்ணெய் டின்னில் வளர்ந்த செடி அது. பார்வைக்குத் துளசிதான் என்றாலும் பூஜைக்கல்ல, எங்கள் வீட்டில் அதன் பெயரே "ரசத்தழை". "காக்கு" என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாளுக்குத் தினம் ஒரு டம்ளர் ரசம் போகும். அம்மாவுக்கு மராத்தி வராது, காக்குவுக்குத் தமிழ் வராது, அந்த டம்ளர்தான் இருவருக்கும் பேச்சு.

ஒரு தீபாவளிக்குக் காக்குவின் துளசி மாடத்தில் பட்டாசு விழுந்து செடி கருகிவிட்டது. தீபாவளி முடிந்ததும் துளசிக்கும் கிருஷ்ணனுக்கும் கல்யாணம் செய்தாக வேண்டும் அவர்கள் வழக்கத்தில். கல்யாண நாளன்று அவள் கண் கலங்கியதைப் பார்த்த அப்பா, அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில், "துளசிதானே, எந்த வீட்டுதா இருந்தா என்ன" என்று எங்கள் டின்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ரசத்தில் மிதப்பது கொத்தமல்லி, வாசம் எலுமிச்சம்பழத்துடையது என்று அத்தனை வருஷமும் நம்பிச் சாப்பிட்ட மனிதர்!

காய்கறிப் பையோடு திரும்பிய அம்மா வாசலிலேயே சிலையாகிவிட்டாள். கரும்புப் பந்தலின் கீழே பட்டுத் துண்டும் வளையலும் மாலையுமாக எங்கள் ரசத்தழை. குவார்ட்டர்ஸே கூடி மங்களாஷ்டகம் பாடி அட்சதை போட்டுக்கொண்டிருந்தது. காலையில்தான் மணப்பெண்ணில் பாதியைக் கிள்ளி ரசம் வைத்திருந்தோம்.

"ஏனுங்க, ரசத்துல போடற செடிக்கா கல்யாணம் பண்ணி வெச்சீங்க!" என்று அப்பாவிடம் அடிக்குரலில் சீறிய அம்மா, காக்குவுக்குத் தெரிந்தால் மனசு உடைந்துபோவாள் என்று என் வாயையும் கட்டிவிட்டாள். மறுநாள் டின் எங்கள் பின்வாசலுக்கே திரும்பி வந்தும், கல்யாணமான செடியைக் கிள்ள அம்மாவுக்குக் கை வரவில்லை. தழையில்லாத ரசம் ருசியிலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்று டம்ளரும் நின்றுபோனது. செடி பூத்துக் காய்ந்ததும், துளசிக்குரிய மரியாதையோடு அதை ஆற்றில் விட்டுவிட்டு வந்தாள்.

போன மாதம் ஹடப்சரில் என் ஃப்ளாட்டுக்கு வந்த காக்கு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மராத்தியில் கேட்டாள், நான் தமிழில் சொன்னேன். "அண்ணி, ரசத்தை ஏன் நிறுத்துனீங்க? துண்டு சுத்தறப்பவே வாசத்துல தெரிஞ்சுபோச்சு, அது ரசத்துச் செடின்னு. ஆசையாத் தூக்கிட்டு வந்த மனுசன்கிட்ட எப்படி வேண்டாங்கறது? உங்க செடியை வாங்கிக் கல்யாணம் பண்ணிட்டேன்னு கோவமாக்கும்னு இத்தனை நாளும் நெனச்சிருந்தேன்."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், அப்பாவும் இல்லை.

"அடிப்பாவி," என்றாள் அம்மா, "ஒரு வெதைகூட எடுத்து வெக்காம ஆத்துல விட்டுட்டு வந்தனே!"