எட்டில் பாதி

சல்லடையில் இருந்து ஓர் ஏலக்காயை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே ஓர் உருட்டு. "எட்டு." ஷம்னா சொன்னால் சொன்னதுதான். பக்கத்தில் காய் பொறுக்கும் அன்னக்கொடிக்கு மட்டும் ஆசை தீராது. அளவுக் கருவியை வைத்துப் பார்ப்பாள். எட்டு மில்லிமீட்டரேதான். "இவ கையில மிசினு இருக்கு ஆத்தா!"

போடியில் ஏலக்காய்க்குக் குறுக்களவுதான் மரியாதை. எட்டு எம்.எம். காய் என்றால், எட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள சல்லடை ஓட்டையில் விழாமல் மேலே நிற்கிற காய்.

இந்தக் கெட்டிக்காரத்தனமே அவளைக் கவிழ்த்தது என்றால் யார் நம்புவார்கள்? கல்யாணத்தோடு விட்டுப்போன பிளஸ் டூ கணக்குப் பரீட்சையை, முப்பத்தெட்டு வயதில், போன மார்ச்சில் எழுதினாள். மூன்றே மார்க்கில் போச்சு. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தால், மையம் (3, −2), விட்டம் 8 உள்ள வட்டத்தின் சமன்பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். அம்மணி கடைசியில் '= 64' என்று போட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கேள்விக்கு மூன்று மார்க்.

"ஆரம் நாலும்மா. நாலை வர்க்கம் பண்ணணும், பதினாறு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மகள் ஆலியா.

"எட்டுன்னா எட்டுதானடி! பாதிக் காயை எந்த ஏவாரிடி கேப்பாரு?"

தாயும் மகளும் இந்த வருஷம் ஒரே காலேஜில் சேருவதாகப் பேச்சு. இனித் துணைத்தேர்வு ஒன்றுதான் வழி.

மறுநாள் வேலைக்கு நடுவே ஒரு காயைப் பிளேடால் குறுக்கே வெட்டினாள். நடுவில் இருந்து தோல் வரை நகத்தை ஓட்டிப் பார்த்தாள். "அட, நடுவுல இருந்துல்ல அளக்கணும்! இதை வெவரமாச் சொல்றதுக்கு என்ன?"

"நல்ல காயை வெட்டிப்புட்டு வெவரம் கேக்குறா பாரு!" என்றாள் அன்னக்கொடி.

துணைத்தேர்வன்று பள்ளிக்கூட வாசலில் ஆலியா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மணி அடித்ததும் ஷம்னா வெளியே வந்தாள்.

"வட்டம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. மையம் மைனஸ் ஒண்ணு, நாலு. விட்டம் பத்து."

"ஐயையோ, நூறுன்னு எழுதிட்டியா?"

ஷம்னா நேரே ரோட்டோரம் போனாள். குரங்கணி மலையில் இருந்து இறங்கி வந்து நின்ற ஜீப்பு ஒன்றின் பின்கண்ணாடியில் புழுதி அப்பிக் கிடந்தது. அதில் விரலால் எழுதினாள்: (x + 1)² + (y − 4)² = 25. எழுதிவிட்டு, அதன் பக்கத்திலேயே, கண்ணாடியின் விளிம்பு வரை நீளுகிற மாதிரி, பெரிதாக ஒரு 'ரைட்' போட்டாள்.