ஏழு மணிக்கு எழும் ஸ்பானிஷ்

இன்று கைபேசியில் ஸ்பானிஷ் பாடம், அன்றாட வேலைகள் பற்றி. முதல் வாக்கியமே "மே லெவாந்தோ ஆ லாஸ் சியேத்தே". ஏழு மணிக்கு எழுகிறேன்.

எனக்கு இது பழைய பாடம்.

எண்பதுகளில் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கடிதம் எழுதும் வேலை எனக்கு. குவாத்தமாலா ஏலக்காய் வந்து நம் காயின் விலையை இறக்கியிருந்த நேரம். அந்த ஊர்க்காரர்கள் பேசுவது ஸ்பானிஷ் என்று கேள்விப்பட்ட முதலாளி, ஒரு புத்தகத்தை வாங்கி என் தலையில் கட்டினார்.

கடை வேலையாக மலைமேல் போடிமெட்டு போகும்போது, விடிகாலை ஜீப்பில் அதைச் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில், ஏலத் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் பேச்சியக்கா.

"என்ன தம்பி அது?"

"குவாத்தமாலாக்காரங்க பேச்சுக்கா. ஏழு மணிக்கு எந்திரிக்கிறேன், குளிக்கிறேன், காப்பி குடிக்கிறேன், வேலைக்குப் போறேன்னு போட்டிருக்கு."

அக்கா சிரிக்கவில்லை.

"நாலு மணிக்கு எந்திரிச்சு, சோறு பொங்கி வச்சிட்டு வர்ற நம்மளயே காய் யாவாரத்துல முந்திட்டாக. ஏழு மணிக்கு எந்திரிக்கிறவளா முந்தியிருப்பா? காயெடுக்கிறவள ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டான் தம்பி."

அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினேன். நாலு மணிக்கு யாருமே எழவில்லை.

இன்றைய கைபேசியிலும் அதே ஏழு மணிதான்.

உங்கள் பாடத்தில் யாராவது நாலு மணிக்கு எழுந்தால் சொல்லுங்கள். பேச்சியக்காவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.