பாஸ்கரும் என் டிஃபரன்ஷியலும்

மெக்கானிக் பாஸ்கர் செத்துப்போய்விட்டான். நேற்று சாயங்காலம் ஷெட்டைச் சாத்தும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்... எழுந்திருக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, தலை காய்வதற்குள் இதை எழுதுகிறேன். அழுகையோடுதான் ஆரம்பிக்கிறேன். எப்படி முடியும் என்று எனக்கே தெரியாது.

ஆரணியில் பட்டுப்புடவை விற்கிற, தொப்பை விழுந்த மனிதனுக்கு வேகமான கார் எதற்கு என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். பாஸ்கரும் நானும் ஒரே மாடல் பழைய கார் ஆளுக்கொன்று வாங்கினோம். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. இரண்டுக்கும் பெரிய இன்ஜின் மாற்றியவன் அவன்தான்.

இன்ஜின் பெரிதானதும் ஒரு தொல்லை. மழையில் தேவிகாபுரம் ரோட்டு வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், பிடிப்பில்லாத ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். இன்னொன்று கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா மாதிரி சும்மா இருக்கும்.

இரண்டையும் சேர்த்து வேலை வாங்குவதற்குத்தான் பின் அச்சில் மாட்டுகிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். சுருக்கமாக எல்.எஸ்.டி. டீக்கடையில், ஒரு போதை மருந்துக்கும் உள்ள இந்தப் பெயரை நான் சத்தமாகச் சொல்லி, பக்கத்து பெஞ்சிலிருந்த போலீஸ் ஏட்டு டீயைக் கீழே வைத்தது தனிக் கதை.

அதில் கியர் வகை சத்தமில்லாதது, பராமரிப்பும் இல்லை, ஊருக்குள் ஓட்ட சுகம். பிளேட் வகைக்குப் பிடி முரட்டுப்பிடி. ஆனால் குறுகலான திருப்பத்தில் கடகடவென்று கத்தும், தனி ஆயில் கேட்கும், பிளேட் தேய்ந்தால் கழற்றி மாற்ற வேண்டும்.

நான் கியர் வகைதான் கேட்டேன். சேவூரில் காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தால், அதைச் சுருட்டும்வரை இன்ஜினை அணைத்துவிட்டு நெசவுக்காரர்களிடம் ஊர்க்கதை கேட்கிற ஆள் நான். எனக்கெதற்கு ரேஸ் பிடி?

பாஸ்கர் விடவில்லை. ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிட்டால் கியர் வகையும் சாதாரண டிஃபரன்ஷியலும் ஒன்றுதான் என்று விளக்கினான். என் சக்கரம் தரையை விட்டு ஏன் தூக்கப்போகிறது என்று கேட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"ண்ணா, நீ ஓட்ற ஓட்டுக்கு கியர் டைப்பு பத்தாதுண்ணா."

என் டிரைவிங்கைப் பற்றி ஒரு மனிதர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. என்னோடு வருவதைவிட டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாம் என்பாள் என் மனைவி. இவனோ மெக்கானிக்... வந்தவாசி வரைக்கும் எல்லா டிரைவர்களையும் பார்த்தவன். அவன் வாயால் சொன்னான்.

பிளேட் வகையே வரவழைத்தேன். துபாயிலிருந்து வந்த மச்சான் சூட்கேஸில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் கனத்தால் அவன் தன் அக்காவுக்கு வாங்கிய சென்ட்டும் சோப்பும் அங்கேயே நின்றுவிட்டன. அந்தக் கோபம் எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை.

பாஸ்கர் மாட்டிக் கொடுத்தான். ஓட்டினேன். எந்தத் திருப்பத்திலும் சத்தமே இல்லை. என்னடா இது என்று கேட்டதற்கு, தான் செட் பண்ணினால் சத்தம் வராது என்றான். அவன் கைவேலையைப் புகழ்ந்து இதே முகநூலில் நீளமாக ஒரு பதிவு போட்டேன். அதற்கு ஹார்ட் போட்டவர்கள் மன்னிக்கவும்.

அதே சமயத்தில் அவன் கார் கடகடக்க ஆரம்பித்தது. பஜார் முனையில் அவன் திரும்பினால் கடைக்குள்ளிருந்தே எனக்குத் தெரியும். பேரிங் போய்விட்டது என்றான். மெக்கானிக்குக்கே பேரிங் மாற்ற வக்கில்லை என்று ஊரெல்லாம் கிண்டலடித்தேன். அவனும் கூடவே சிரித்தான். பாவி.

இன்று காலை... அவன் வீடும் ஷெட்டும் ஒரே வாசல்தான். பந்தல் போடுகிற இடத்தில் அவன் கார் ஸ்டாண்டில் ஏறி நின்றது, பின்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில். சும்மா நிற்க முடியாமல் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.

எதிர்ப்பக்கச் சக்கரமும் அதே திசையில் சுற்றியது. சாதாரண டிஃபரன்ஷியலில் அது எதிர்த்திசையில்தான் சுற்றும்.

அவனோடு ஷெட்டில் வேலை செய்யும் மைத்துனன் முருகேசன் பக்கத்தில் நின்றிருந்தான். இவன் எப்போது எல்.எஸ்.டி. போட்டான் என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க... உங்களுதுதான் சார் இது. இத்தினி நாள்ல உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிகினு இருக்கேன்."

"அப்ப என் வண்டில?"

"பழசேதான் கீது. தெரிஞ்சா பேஜாராயிடும் மாமான்னு நான்கூட சொன்னேன். அவரு ஸ்பீடு நாப்பதத் தாண்ட மாட்டாருடா, எங்க கண்டுபுடிக்கப் போறாருன்னாரு."

நேராக அவனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியிடம் போய்க் குனிந்தேன். "அந்த ஒரு வார்த்தையுமாடா பொய்யி?" என்று கேட்டேன். என் தோள் குலுங்குவதைப் பார்த்து அவன் பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, கூடப் பிறந்தவங்களாட்டம் இருந்தாங்களே என்று ஒப்பாரி வைத்தார். நானும் அழுதேன். எதற்கு என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது...

டிஃபரன்ஷியல் போகட்டும். இத்தனை வருஷமும் என் ஓட்டைப் பற்றி அவன் சொன்ன அந்த ஒன்றை நம்பித்தான் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போன் பண்ணி என் மனைவியிடம் சொன்னேன். முருகேசன் சொல்லி அவளுக்கும் ஏற்கெனவே தெரியுமாம். வண்டி சத்தமில்லாமல்தானே ஓடுகிறது என்று விட்டுவிட்டாளாம்.

சுடுகாட்டில் எல்லோரும் கை நிறைய வாய்க்கரிசி அள்ளிப் போட்டார்கள். நான் பாதிக் கைதான் போட்டேன்.

போய்ச் சேர், பாஸ்கர்.